அடுத்த வீட்டுக் குரல்

டேப்லெட்டில் முதலில் பேசியவள் யாரோ ஒருத்தி.
என் மகன் யுகேஷன் கட்டத்தைத் தொட்டால்
"எனக்கு ரொட்டி வேண்டும்" என்பாள்,
டர்பன் விமான நிலையத்தில்
வாசல் எண் மாறிவிட்டதென்று சொல்கிற அதே நிதானத்தில்.
ஏழு வயதுப் பையன். அவனுக்கே சிரிப்பு வந்தது.

சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில்
யாரும் அப்படிப் பேசுவதில்லை.

அடுத்த வீட்டு தேவானைக் கூப்பிட்டேன்.
ஒன்பது வயது. கூலி ஒரு பாக்கெட் சிப்ஸ்.
சமையலறைக் கதவைச் சாத்தி, ஃபிரிட்ஜை அணைத்து
நூற்று நாற்பது சொற்கள் பதிந்தோம்.
வா. போ. வலிக்குது. இன்னும். அது இல்லை.
"ஐயோ"வைச் சேர்க்கச் சொன்னது அவன்தான்.
பட்டியலில் அது இல்லை.
எங்கள் வீட்டில் மிஞ்சிய தமிழில்
பாதி அதுதான்.

மெஷின் கொடுத்தா வாய் சோம்பேறியாயிடும் என்றாள் என் அக்கா.
பேச்சுப் பயிற்சிக்கு வரும் நொமூசா
அவளோடு வாதாடவில்லை. என்னிடம் சொன்னாள்:
அவன் தேடும்போது இருபதுவரை எண்ணு.
வாக்கியத்தை நீ முடிக்காதே.

இருபது எவ்வளவு நீளம் என்று
அதுவரை எனக்குத் தெரியாது.
மடங்கிய இடக்கை விரலின் கணு
ஒரு கட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே
நடுங்கி நிற்கும்.
பதினொன்றில் என் வாய் திறக்கும். மூடுவேன்.
அதற்குள் எங்கள் தொழிற்சாலையில்
ஒரு கார்க் கதவு பொருந்தி நகர்ந்திருக்கும்.

அம்மா என்ற கட்டத்துக்காக ப்ரெனிஷா காத்திருந்தாள்.
அவன் தொட்ட முதல் சொல் "அது இல்லை".
அன்று முழுக்க அதுவே.
பருப்பு? அது இல்லை.
சிவப்புச் சட்டை? அது இல்லை.
ஏழு வருடம் நாங்கள் ஊகித்ததெல்லாம்
ஒவ்வொன்றாய்த் திரும்பி வந்தது.
அவள் பாத்திரம் கழுவப் போனாள்,
கழுவ ஒன்றும் இல்லாதபோது.

மின்வெட்டு நீண்டால் டேப்லெட்டும் செத்துவிடும்.
அப்போது படத்தாள்.
ஒருநாள் படமும் தெரியாத இருட்டில்
முழங்கால் மேசையில் இடித்து
அவன் தொண்டையிலிருந்தே வந்தது:
ஐ.
ஓ.
நடுவில் கொஞ்சம் எச்சில்.
அக்கா கைபேசி விளக்கை முகத்தில் அடித்து
மறுபடி சொல்லு, மறுபடி சொல்லு என்றாள்.
சொல்லவில்லை. முழங்காலைப் பார்த்தது
நான் மட்டும்.

தேவானுக்கு இப்போது பதினான்கு.
வேலிக்கு அப்பால் பந்து கேட்டுக் கத்தினால்
லாரி கியர் மாற்றுகிற சத்தம்.
வேலிக்கு இப்பால்
ஒன்பது வயது தேவான் இன்னும்
ரொட்டி கேட்கிறான், சண்டை போடுகிறான்.
"அது நானா?" என்று காது சிவந்தான் பெரியவன்.
வேண்டுமானால் மறுபடி பதிந்து தருகிறேன், அங்கிள்,
சிப்ஸ் வேண்டாம்.

யுகேஷனிடம் கேட்டேன்.
தேவானின் புதுக் குரலா, இதேதானா,
இல்லை வேறு யாருடையதாவதா?

எண்ணினேன். இருபது. இருபத்தெட்டு.
கணு போய் நின்ற கட்டம்,
இத்தனை வருடமும்
நாங்கள் அவனிடம் அதிகம் சொன்ன சொல்:

"பிறகு."

சக்கர நாற்காலியைத் திருப்பிக்கொண்டு
வேலிப் பக்கம் போனான்.
அங்கே பந்து வந்து விழுந்திருந்தது.