மூன்று ஆள் ஆழம்

மஜ்ஜோரே தீவுக்குப் போக, வர ஒரே சீட்டு.
போவதற்கு மட்டும் கேட்காதீர்கள்,
திரும்பாதவர்களுக்குத் தள்ளுபடி கிடையாது.
கடைசிப் படகு ஏழு இருபதுக்கு.
அந்தியில் வெள்ளைச் சட்டை வேண்டாம்.
நாணலிலிருந்து பூச்சி கிளம்பும்,
கொசு மாதிரி இருக்கும், கடிக்காது,
பேசுகிற வாய்க்குள் மட்டும் போகும்.
போர் நடந்த இடமா? அது துவோரோ.
ரத்தத்தின் பெயரை வைத்துக்கொண்டு
அங்கே ஒரு ஓடை இருக்கிறது.
இப்போது அதில் தண்ணீர்கூட இல்லை.

அடுத்த கேள்வி எனக்குத் தெரியும்.
இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருபத்திரண்டு வருடம்.
'அவன் மூழ்கிய இடம் எது?'

கைகோத்து வருகிறவர்களுக்கு
போல்வேஸே தீவுப் பக்கம் காட்டுவேன்,
சூரியன் அங்கேதான் அழகாக விழும்.
வாத்தியார்களுக்கு, 'ஆதாரமில்லை'.
குழந்தைகளுக்கு, தூரமாக எங்கேயாவது.

ராஜா மகன். பெயர் திரசிமேனோ.
அவள் அஜில்லா, தண்ணீரில் பிறந்தவள்.
பாடினாள், வந்தான். மணம் முடிந்தது.
மறுநாள் குளிக்க இறங்கினான்.
அவ்வளவுதான் கதை,
மிச்சமெல்லாம் காற்று.
ஆகஸ்டில் வெயில் சாயும் நேரம்
எங்கிருந்தோ ஒரு காற்று புறப்பட்டு
படகுக் கயிறுகளுக்குள் நுழைந்து முனகும்.
அவள் அழுகை என்பார்கள்.
படகு ஆடினால் அவள் கை என்பார்கள்.
அவன்தானோ என்று
ஒவ்வொருவராகப் பிடித்துப் பார்க்கிறாளாம்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது
வேறு ஏரிகளுக்கான புத்தி.
இங்கே ஆழம் எல்லோருக்கும் தெரியும்,
துறைமுகப்பில் தகரப் பலகையில் எழுதியே இருக்கிறது.
நிறைந்து நின்றால் மூன்று ஆள்.
இந்த வருடம் அதுவும் இல்லை.
இதிலா ஒருவன் காணாமல் போனான்?

போகலாம்.
என் ஒலிந்தோ
மணமான பதினோராம் வருடம்
காலை எட்டேகாலுக்கு
தெர்னி ரயிலில் ஏறிப் போனான்,
செருப்பில் ஈரம்கூடப் படாமல்.
அஜில்லாவுக்காவது
குற்றம் சாட்ட ஒரு ஏரி இருந்தது.

இரண்டு குளிர்காலமாக மழை சரியில்லை.
தூண்களில் பழைய நீரின் கோடுகள்
என் தலைக்கு மேலே.
தூர்வாரும் இயந்திரம் நாளெல்லாம் சேற்றை மென்று
கெண்டை எலும்பும் சைக்கிள் சக்கரமும் துப்பியது.
கிரீடம் எதுவும் வரவில்லை.
கேட்டார்கள், அதனால் சொல்கிறேன்.

போன வியாழக்கிழமை
அரெத்ஸோவிலிருந்து வந்த ஒரு பையன்,
ஒன்பது வயதிருக்கும்,
படகுக்குக் காத்திருந்த சலிப்பில்
ஏரிக்குள் நடக்க ஆரம்பித்தான்.
நூறு அடி. இருநூறு அடி.
தண்ணீர் அவன் இடுப்பைத் தாண்டவே இல்லை.
அங்கே நின்று திரும்பி
இரண்டு கையையும் உயர்த்திக் கத்தினான்:
'இங்கேதானா?'

துறையில் எல்லோரும் சிரித்தார்கள்.
அப்போது பார்த்து அந்தக் காற்று வந்தது.

பணப்பெட்டி திறந்து கிடக்க
சப்பாத்தோடு இறங்கிவிட்டேன் நான்.
சேறு கணுக்காலைப் பிடித்தது.
நீர் தொடைவரைதான்,
சத்தம்தான் காதுவரை.
போய்ச் சேர்ந்து அவன் கையை
ஐந்து விரலாலும் இறுக்கினேன்.

பையன் என் முகத்தைப் பார்த்தான்.
கதை அவனுக்கும் தெரிந்திருக்கிறது.
மெதுவாக, மரியாதையாகச் சொன்னான்:
'அம்மா, நான் அவன் இல்லை.'

தெரியும் என்றேன்.
ஆனாலும் கரைவரை விடவில்லை.

அவன் தாய் நன்றி சொன்னாள்,
கொஞ்சம் பயந்தும் இருந்தாள்.
பிறகு மூன்று சீட்டு கேட்டாள்.
போக, வர.
நனைந்த விரலால் கிழித்துக் கொடுத்தேன்.
குழந்தைக்குப் பாதி.