தோணிக்காரன்ட பேரென்ன

வாழைச்சேனை ஆலையின் பழுப்புக் கடதாசியில்
ஒரு கண்டம் கீறினேன்.
மலை ஒரு நாவலில் களவெடுத்தது,
பனி இன்னொன்றில்;
எங்களில் எவரும் பனியைத் தொட்டதில்லை.
பன்னிரண்டு அரசர், கொடிவழியோடு.
ஒரு பறவைநாகம், அதற்கு மூன்று மொழி.

இருபது முகப் பகடை எங்கும் கிடைக்கவில்லை.
பால்மாப் பேணிக்குள் இலக்கச் சீட்டு.

இஃப்லால் பேணியைக் குலுக்கிவிட்டுக் கேட்கிறான்:
"துறையில திங்க என்ன இரிக்கி?"
கிருசாந்தி: "தோணிக்காரன்ட பேரென்ன?"

படத்தில் அவன் ஒரு புள்ளிகூட இல்லை.

"சீனித்தம்பி" என்றேன், வாயில் வந்தது.
"கூனியும் மரவள்ளியும் வைத்திருக்கிறான்.
உங்கள் வாள்களைப் பார்த்ததும்
கூலியை இரட்டிப்பாக்குகிறான்."

ஓட்டமாவடியில் கடை பூட்டியபின்
மூன்று வெள்ளிக்கிழமையாக
அந்தப் பேரம்தான் நடக்கிறது.
நாகம் மலையில் பசியோடு.

நேற்றிரவு
அதன் மொழிகளில் ஒன்றை அழித்துவிட்டு
அந்த இடத்தில்
சீனித்தம்பிக்கு ஒரு வீடு கீறினேன்,
பின்கதவு ஆற்றைப் பார்க்க.