ஊமையூற்று

பதுளைக் கச்சேரியின் ஆவண அறையில்
ஹார்க்னெஸ் துரையின் நூல் மூன்று பிரதி இருக்கிறது.
மலைச்சரிவில் கான் வெட்டும் முறை.
தோல் அட்டை, பொன்னெழுத்து.
கோப்பி செத்துத் தேயிலை வந்தபோதும்
அவர் கோடு போட்டபடியே
இந்த மலைகளைக் கீறினார்கள்.
பேராதனையில் எனக்கும் அதுதான் பாடம்,
வேறொருவர் பெயரில், புதிய படங்களோடு.

நான் இங்கே வந்தது சரிவுக்குப் பிறகு.
மேல் டிவிசனில் பதினொரு காம்பரா.
பூட்ஸில் இன்னும் அந்தச் சேறு.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் அடியில்
எறும்பெழுத்தில் ஒரு குறிப்பு:
"மலை உள்ளுக்குள் நனைகிறது என்கிறான்
என் கணக்கப்பிள்ளை அங்கமுத்து.
வேடிக்கையான நம்பிக்கை."

வேடிக்கை என்ற சொல்லைத் தாண்டி
அன்று நான் வாசிக்கவில்லை.

இரண்டு நாள் தேடி
திலகசிறி மாத்தயா ஒரு செக்ரோலை இழுத்தெடுத்தார்.
முன்பக்கம் ஆள்பேர். பின்பக்கமெல்லாம்
ஊற்றுகளின் பேர்.
எந்த மாதம் ஊறும், நாழிகைக்கு எத்தனை குடம்,
கலங்கினால் எத்தனை நாளில் மண் இறங்கும்.
எல்லாம் தமிழ் எண்கள்;
போனில் பார்த்துப் பார்த்துப் பெயர்த்தேன்.
மூக்கன்பீலி. சடைச்சிகண். கோப்பிக்குழி.
பதினேழாவது:
"ஊமையூற்று. வெளியே வராது.
ஐப்பசி கடந்தால்
பாறையில் காது வைத்தால் கேட்கும்.
இதற்கு மேலே கான் வெட்டலாகாது.
துரைக்குச் சொன்னேன்."

அடுத்த மாதமும், "துரைக்குச் சொன்னேன்."
அதன்பிறகு அரிசிக் கணக்கு.

வரைபடத்தை விரித்தேன்.
ஊமையூற்றின் மேல் நாலாம் கான்.
நாலாம் கானின் கீழ்
விரலை வைக்காமல் எடுத்துக்கொண்டேன்.

அங்கமுத்து எழுதியதெல்லாம் சரியுமில்லை.
இரண்டு ஊற்றை இடம் மாற்றிவிட்டார்.
பௌர்ணமியில் மண் கனக்கும் என்கிறார்;
நிறுத்துப் பார்த்தேன், கனக்கவில்லை.
அதையும் அறிக்கையில் சேர்த்தேன்.
படித்தவரைப்
பிழை சொல்லித்தானே மதிக்க முடியும்.

உசாத்துணைப் பட்டியலில்
அகரவரிசை அவரை முதலில் நிறுத்தியது,
ஹார்க்னெஸைக் கடைசியில்.
கொழும்பிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள்:
வெளியிட்டவர் யார்? வெளியான திகதி?

கார்த்திகை பத்து, விடியப்புறம் மூன்று மணி
என்று எழுதி
ஒரு கோடு இழுத்து அடித்தேன்.

ஜன்னலில் மழை பிடித்துக்கொண்டது.
கோட்டுக்குக் கீழேயும்
வாசிக்க முடிகிறது.