நாய்க்குக் கேட்டது

பன்னிரண்டு வோல்ட் பேட்டரி.
பத்து எல்.இ.டி. வரிசையில் நின்று
முப்பது கேட்கின்றன.

இடையில் ஆறு கால் சிப் ஒன்று, அரிசிமணி அளவு.
காயிலைக் கரண்ட் குடிக்க விட்டு
வாய் நிறையும் நேரம் பார்த்துக் கதவைச் சாத்தும்.
ஓடிய ஓட்டத்தை நிறுத்தத் தெரியாது காயிலுக்கு,
தடுத்த இடத்தில் எகிறும்.
எகிறிய உயரம்தான் முப்பது.
நொடிக்குப் பத்து லட்சம் தடவை
இந்தச் சண்டையை மூட்டிவிட்டு
ஒன்றும் தெரியாததுபோல் உட்கார்ந்திருக்கும் சிப்.

செக்காலை ரோட்டு மாடியில்
நானும் சிகப்பியும் பற்றவைத்த நாற்பது போர்டு
கானாடுகாத்தானில் ஹோட்டலாகிவிட்ட வீடொன்றின்
சாப்பாட்டுக் கூடத்துக்கு ஏறியது.
"மங்கலா வேணும்" என்றார் மேனேஜர் ஜெரால்டு.
"குழம்போட நிறம் தெரியணும்.
எதிர்ல இருக்கிறவங்க வயசு தெரியக் கூடாது."

மங்கவைக்க ஒரு பொய் போதும்.
நொடிக்கு எண்ணூறு தடவை அணை,
எண்ணூறு தடவை ஏற்று.
எரிகையில் முழுசாய்த்தான் எரியும்;
அணைந்ததைக் கண்ணிடம் சொல்லாதே.
கண் நம்பிவிடும்.

காது நம்பவில்லை.
முதல் ராத்திரியே போன்: "உங்க லைட்டு முனகுது சார்."
போய் நின்று கேட்டேன்.
செராமிக் கெப்பாசிட்டர்கள் விம்மிச் சுருங்கி விம்மி
நாற்பது கொசுக்களின் கச்சேரி,
உயரக் கூடம் அதை வாங்கி வாங்கித் திருப்பித் தந்தது.

மறுநாள் மதியம்
சிகப்பி மடியில் லேப்டாப்பை வைத்து
எண்ணூறை இருபத்திரண்டாயிரம் ஆக்கினாள்.
சத்தம் நின்றது. கை குலுக்கினார் ஜெரால்டு.
காபி சொன்னார்.

காபி வருவதற்குள்
தாசில்தார் எழுந்தான்.
பன்னிரண்டு வயது ஹோட்டல் நாய்,
கடைசிப் பந்தி முடியாமல் நகராதவன்,
தலையைச் சாய்த்து விளக்கைப் பார்த்தான்,
உச்சி வெயிலுக்குள் நடந்துபோய்
தண்ணி லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டான்.

அணைத்தேன். வந்தான்.
போட்டேன்.
போனான்.
இத்தனை துல்லியமான கருவி
எங்கள் கடையில் கிடையாது.

"நாய் பில்லு கட்டாது சார்."
சிகப்பி ஏணியைத் திரும்ப விரித்தாள்.

பொய் இல்லாமலும் குறைக்கலாம்,
கரண்டையே குறைத்து.
ஆனால் ரொம்பக் குறைத்தால்
வெள்ளையில் லேசாய்ப் பச்சை ஏறும்,
நாற்பதும் நாற்பது விதமாய் மங்கும்.
கால்வாசி வரைக்கும் உண்மை என்று முடிவுசெய்தோம்.
அதற்கும் கீழே,
பத்து மணிக்குமேல் கை கோத்து உட்கார்ந்திருக்கும்
ஒற்றை மேஜைக்காக மட்டும்
கொஞ்சம் பொய்,
இருநூறில், அடிக்குரலில்.

நேற்று அந்தப் பக்கம் போனேன்.
மறுவேலைக்கு எழுதிய ஒன்பதாயிரத்து அறுநூறு
அடுத்த வாரம் என்றார் ஜெரால்டு.
மூன்றாவது விளக்குக்கு நேர் கீழே
கண்ணைத் திறக்காமலே
தாசில்தார் வாலைத் தரையில் தட்டினான்.
ஒரே ஒரு தடவை.