பேர் வெட்டுகிறவன்

ஆடியில் யாரும் சீர்ப் பாத்திரம் வாங்குவதில்லை.
காங்கயத்துக் கடை வாசலில்
என் மிசின் துணி போர்த்திக் கிடக்கும்.
அதனால் குழி வேலைக்குப் போனேன்,
நொய்யல் கரைக்கு, நாள் கூலிக்கு.

முதல் வாரம் மண் சுமந்தேன்.
அடுத்த வாரம் ஓடு கழுவச் சொன்னார்கள்.
பல் தேய்க்கிற பிரஷ், ஒரு பேசின் தண்ணீர்,
எதிரே நாச்சாத்தாள், அவளுக்கொரு பேசின்.
உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு.
சேறு போனதும் ஒவ்வொன்றும்
இப்போதுதான் எண்ணெய் தடவின மாதிரி.

எட்டாம் நாள் ஒன்றில் கீறல் தட்டியது.
பிரஷ்ஷை வைத்துவிட்டுக் கட்டைவிரலால் பார்த்தேன்.
இருபத்திரண்டு வருசம்
எவர்சில்வரில் பேர் வெட்டிய விரல்.
ஈர மண்ணில் கீறியிருந்தால்
தயிரில் கரண்டி போன தடமாய் ஓரம் மழுங்கியிருக்கும்.
இது சூளைக்குப் பிந்தி.
ஓரமெல்லாம் பொடிப்பொடியாய்ச் சில்லு பேர்ந்திருக்கிறது.
வனைந்தவர் கீறவில்லை, வாங்கினவர் கீறியது.
வளைவில் ஒரு தரம் வழுக்கியிருக்கிறது.
எனக்கும் ‘ழ’வில் வழுக்கும்.

செண்பகவடிவு மேடத்திடம் சொன்னேன்.
தெக்கத்திக்காரர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
என்னை முதன்முதலாகப் பார்த்தார்.
“நீங்க என்ன வேலை பாக்கீங்க?”
பேர் வெட்டறதுங்க.
சிரிக்கவில்லை. ஓட்டை வெயிலுக்குச் சாய்த்து
“கடைசியில ‘தன்’. முன்னாடி உடைஞ்சு போச்சு” என்றார்.
எழுத்தின்மேல் ஏறிக் கிடந்த ஏணிக் கோடுகளைக் காட்டி
“இது ஏதோ குறியீடு. அர்த்தம் தெரியாது.”

அதைத்தான் சொல்ல வந்தேன்.

போன தையில் ஒரு அம்மிணி
மொபெட்டில் கட்டிப் பதினாலு பாத்திரம் கொண்டுவந்தாள்.
அண்டா முதல் டவரா வரைக்கும்
‘தெய்வசிகாமணி – ரத்தினா’ என்று
நான் வெட்டினதுதான், நடுவில் ஒரு பூ வைத்து.
முதல் பேரை எடுத்துருங்க என்றாள்.
எடுக்க முடியாதுங்க, தேய்த்தால் பள்ளமாகும்,
மேலே கோடு வேண்டுமானால் போடலாம்.
“போடுங்க.”
போட்டேன். நெடுக்கே இரண்டு, குறுக்கே நாலு.
பூவை மட்டும் விட்டுவிட்டேன். அவள் கேட்கவில்லை.
வெட்டினால் எழுத்துக்கு இவ்வளவென்று காசு.
அடிப்பதற்கு என்ன கணக்கு?
அவளே ஒவ்வொரு எழுத்தாய் எண்ணிக் கொடுத்தாள்.

மேடம், இது குறியில்லைங்க, பேரை அடிச்சிருக்காங்க.
எழுதினது ஒரு கை, அடிச்சது வேற கை.
அழுத்தத்தைத் தடவிப் பாருங்க.

தடவினார். சித்தெ நேரம் பேசவில்லை.
“இருக்கலாம். ஆனா அப்படி எழுத முடியாது.”

நாச்சாத்தாள் பேசினிலிருந்து தலை நிமிரவில்லை.
“பானைய ஒடைக்காம பேர மட்டும் அடிச்சிருக்கறா.
சோறாக்கப் பானை வேணுமல்ல.”

கை ஆடாது என்பதால்
ஓட்டுக்கு எண் போடும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள்.
உள்பக்கம், கருப்பின் மேல், வெள்ளை மையில்,
கடுகளவு எழுத்து.
வெட்டிப் பழகின கைக்கு
மை தொட்டு எழுதுவது காற்றில் எழுதுவதுபோல் இருந்தது.
திருப்பிப் பார்க்காமல் பையில் போட்டு முடிந்தேன்.

ஆவணி பிறந்தால் முகூர்த்தம்.
மிசினுக்கு ஊசி வாங்க வேண்டும்.