நான்கு அங்குலம்

மேல்விஷாரத்தில் தோல் ஷெட்டுக்குக் கணக்கு எழுதுகிறவன் நான்.
ஞாயிறுகளில் ஒரு ஃபியட்டை அறுக்கிறேன்.

ராணிப்பேட்டை பழைய இரும்புக்கடையில்
எடைக்குப் போட்டு வாங்கியது.
பானெட்டைக் கழற்றி எறிந்தாயிற்று.
உள்ளே கான்டசாவின் எஞ்சின்,
தம்பி சட்டையை மாட்டிக்கொண்ட பயில்வான் மாதிரி
விலா தெரியப் பிதுங்குகிறது.
"ஊர்ல ஆம்பளைங்க சீட்டாடறாங்க,
நீ தகரத்தோட கட்டிப் பொரள்ற"
என்பாள் சகுந்தலா.
என்றபடியே டீ கொண்டுவந்து
பானெட் மேல் வைக்கப் பார்த்து
அது இல்லாததில் ஒரு கணம் திகைப்பாள்.

எதிர்வீட்டு வஜீஹா, பதினொன்றாம் வகுப்பு.
சத்தம் அதிகமாக இருக்கிறதென்று
சொல்லிவிட்டு வர அனுப்பியிருந்தார்கள்.
சொன்னாள்.
போகவில்லை.
"கூரைய எவ்ளோ இறக்கப் போறீங்க?"

நான்கு அங்குலம்.

"அஞ்சு இறக்கலாமே."

கூரையைத் தாழ்த்துவதென்றால்
தூண்களை எல்லாம் அறுத்து
துண்டு எடுத்து மறுபடி ஒட்டவேண்டும்.
தூண் நேரானதில்லை, மேலே போகப்போகச் சாயும்.
எடுத்த பிறகு மேல்பாதி கீழ்பாதியைப் பார்க்காது.
பாகப்பிரிவினை முடிந்த பங்காளிகள்போல
ஆளுக்கொரு பக்கம் முகம் திருப்பி நிற்கும்.

இடப்பக்கம் எனக்கு, வலப்பக்கம் அவளுக்கு.
அப்படித்தான் பேச்சு.
வெல்டிங் அவளுக்குத் தெரிந்திருந்தது.
ஐடிஐ படிக்கும் அவள் சித்தி மகன் தௌஃபீக்கிடம்
உடைந்த கட்டில் கால்களை வைத்துப் பழகினாளாம்.
அவனும் வந்தான்,
மூன்றுகால் ஸ்டாண்டு போட்டு வீடியோ பிடிக்க.

ஆகஸ்ட். வேலூர் வெய்யிலுக்கு ஆகஸ்ட் தெரியாது.
முகமூடிக்குள் வேர்வை கண்ணில் இறங்க இறங்க
முன்தூணைப் பற்றவைத்தாள், கையை எடுக்காமல்.
ஒட்டு நேராகக் கிளம்பி, நடுவில் திக்கி,
கம்பளிப்பூச்சியாய் முதுகைத் தூக்கி,
பிறகு மறுபடி போயிருந்தது.
பிடிக்கும். விடாது. அழகில்லை.
"சூப்பர்மா" என்றேன்.

அன்று ராத்திரி பதினொன்றரைக்கு
கிரைண்டரை எடுத்தேன்.
பேரேட்டில் எட்டணா இடித்தாலே
தூக்கம் வராத பிறவி.
அவள் ஒட்டைத் தேய்த்துத் தள்ளிவிட்டு
என் ஒட்டைப் போட்டேன்,
நெருக்கக் கட்டிய மல்லிச் சரம்போல.
அந்நேரத்துக்கு அந்தச் சத்தம்
எதிர்வீடு வரை கேட்கும் என்பது
எனக்கு உறைக்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு வந்தாள்.
தூணை ஒரு விரலால் மேலிருந்து கீழே தடவினாள்.
கையுறையைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.
"நல்லா இருக்கு அங்கிள்.
உங்க வண்டி."

பிறகு இரண்டு ஞாயிறு யாருமில்லை.
தௌஃபீக் மட்டும் வந்தான்
ஸ்டாண்டை எடுத்துப் போக.

மூன்றாவது ஞாயிறு
மல்லிச் சரத்தை நானே அறுத்தேன்.
தூண் வாய்பிளந்து நிற்க,
கூரைக்கு ஜாக்கி முட்டுக் கொடுத்து
கேட்டைத் திறந்துபோட்டுவிட்டு
வண்டிக்கடியில் படுத்துக்கொண்டேன்,
ஏதோ வேலை இருக்கிறவன்போல.
கூப்பிட வாய் வரவில்லை.
மதியம் வரை
பக்கத்து வீட்டுக் கோழிதான் வந்து போனது.

காலாண்டுப் பரீட்சை முடிந்த அன்று
பள்ளிச் சீருடையோடு நின்றாள்.
பிளவைப் பார்த்தாள்.
பிளவுக்குள் கண்ணை வைத்து
அந்தப்பக்கம் என்னையும் பார்த்தாள்.
"அஞ்சு" என்றாள்.

அஞ்சு என்றால்
இடப்பக்கத்தையும் அறுக்கணுமே.
"ம்."
சாக்பீசை எடுத்து
பிசிறில்லாத என் ஒட்டுக்குக் கீழே
கோடு போட்டாள். அதுவும் வளைசல்.

அஞ்சு இறக்கினால்
உட்காரும்போது என் தலை இடிக்கும்.
நாலு என்று சொன்னதே அதற்குத்தான்.
அவளுக்கு இடிக்காது.

"கரண்ட் இருக்கா அங்கிள்?"
இருந்தது.
வயரை அவள் பக்கம் நீட்டினேன்.