வலது பக்கம், முன்னால்

டோலோன் கணவாய்க்குக் கீழே
தார் பெயர்ந்த இடத்தில்தான் முதலில் கேட்டது.
டொக்.
வானொலியை நிறுத்தினேன்.
பின்னிருக்கையில் மூவரும் பேச்சை நிறுத்தினார்கள்.
டொக், டொக்.
ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்த ஹோண்டா.
ஸ்டியரிங் வலப்பக்கம், சத்தமும் வலப்பக்கம்,
என் கட்டைவிரலுக்கு நேர் அடியில்.

பெரிய பள்ளத்தில் விழுந்தால் வாயே திறக்காது.
சின்ன மேடு, உதிர்ந்த சரளை,
மணிக்கு இருபது:
அப்போதுதான் அதற்குப் பேச்சு வரும்.
பிரேக்கை லேசாக மிதித்துப் பார்த்தேன். ஓயவில்லை.
ஆக, காலிப்பர் இல்லை.
நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைக் கோடிக்குக் கோடி திருப்பினேன். மூச்சில்லை.
ஆக, மேல் மவுன்ட்டும் இல்லை.
இப்படி இல்லை இல்லை என்று கழித்துக்கொண்டே போனதில்
கடைசியில் இல்லாமல் போனது என் பணம்.

ஸ்டெபிலைசர் லிங்க் மாற்றினேன், இரண்டு பக்கமும்.
நாரினிலிருந்து பிஷ்கேக் வரை டொக்.
ஷாக் அப்சார்பர் மாற்றினேன்,
மகளின் குளிர்க்கோட்டுக்கு எடுத்துவைத்த பணத்தில்.
புது ஷாக்கின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு
டொக் என்றது.

ஏறுகிறவர்கள் எல்லோரும் வைத்தியர்கள்.
"பால் ஜாயின்ட்" என்றார் ராணுவத்தில் லாரி ஓட்டியவர்.
"சாலைதான் தட்டுகிறது, வண்டி இல்லை" என்றான் ஒரு மாணவன்.
கம்பளி வியாபாரி கட்டணத்தில்
ஐம்பது சோம் குறைக்கச் சொன்னார், காதுக்கு நஷ்ட ஈடாக.
முன்னால் உட்கார்ந்திருந்த வெனேரா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.
மாட்டு டாக்டர், அத்பாஷியில் வேலை.

சாரிபுலாக்கில் தேநீருக்கு நிறுத்தியபோது
பையிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தாள்.
"நேற்று ஒரு பசுவின் வயிற்றில் வைத்தது,
உங்கள் வண்டி கோபித்துக்கொள்ளாதே?"
நாங்கள் நால்வர் முன்பக்கத்தை அமுக்கி அமுக்கி விட்டோம்.
பானெட்டைத் திறந்து ஷாக்கின் தலையில் வைத்துக் கேட்டாள்.
ஸ்பிரிங்கில் கேட்டாள்.
பிறகு கோட்டைத் தரையில் விரித்து, படுத்து,
நீண்ட நேரம்.
கம்பளி வியாபாரிகூடச் சூப்பு உறிஞ்சுவதை நிறுத்தினார்.
"மார்பு சுத்தம். இடுப்பில் இருக்கிறது" என்றாள்.
"குதிரை நொண்டினால் எல்லோரும் குளம்பைத் தூக்கிப் பார்ப்பார்கள்.
தொடை சேரும் இடத்தை யார் பார்க்கிறார்கள்?"

கொச்கோரில் துர்சுன்பெக்கின் கொட்டகை.
இடுப்பு என்றதும் சிரித்தான்.
சிரித்துக்கொண்டே குழிக்குள் இறங்கி
லோயர் ஆர்மின் பின்புறம் கடப்பாரையை நுழைத்து
ஒரு நெம்பு.
சிரிப்பு நின்றது.
புஷ் பாதி சுற்றுக்குக் கிழிந்து கிடந்தது.
ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போது கிழிசல் மூடிக்கொள்ளும்,
எடை இறங்கினால்தான் வாய் பிளக்கும்.
தூக்கித் தூக்கிப் பார்த்த எங்கள் எல்லோருக்கும்
அது மூடிய வாயைத்தான் காட்டியிருக்கிறது.

புது ரப்பர் தொள்ளாயிரம் சோம்.
அழுத்தி ஏற்றி, போல்ட்டைக் கையால் மட்டும் முடுக்கிவிட்டு
ஜாக்கியை இறக்கினான்.
"முதலில் வண்டி நிற்கட்டும், பிறகுதான் இறுக்கணும்.
தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடக்கும்,
நாலு மாதம் தாங்காது."
ஸ்பானரைத் துடைத்தபடி கேட்டான்:
"இதைப் போன தடவை இறுக்கியது யார்?"

ஜனவரி. மைனஸ் இருபத்திரண்டு.
என் வீட்டு வாசல், என் ஜாக்கி,
பல்லில் கவ்விய டார்ச்.
அரை மணியில் முடித்துவிட்டேன் என்று
மனைவியிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

"யாரோ" என்றேன்.
வெனேரா என் கைகளைப் பார்த்துவிட்டு
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகு ஓர்த்தோ தொகோய் ஏரிக்கரை நெடுக
சரளையைத் தேடித் தேடி ஓட்டினேன்.
ஒன்றுமில்லை.
டயர் கல்லை அரைக்கும் சத்தம், காற்று,
அவ்வளவுதான்.
சந்தோஷத்தில் வானொலியைக்கூடப் போடவில்லை.

கடக்.

வண்டியை ஓரம் கட்டி, என்ஜினை அணைத்து,
பாதி கீழே இறங்கிவிட்டேன்.
பின்னிருக்கையில் மாணவன் விழித்தான்,
கல்லாய்க் காய்ந்த குருத் உருண்டையில் பாதி கையில்,
பாதி கடைவாயில்.